பச்சை டிக் மட்டும் போதுமா? டெஸ்டிங்கில் வீணாகும் மின்சாரத்தைக் குறைக்க ஒரு மாதத் திட்டம்

இரவு இரண்டு மணிக்கு ஜென்கின்ஸ் தானாக வேலையைத் தொடங்குகிறது. இருபது விர்ச்சுவல் மெஷின்கள் கிளம்புகின்றன. இருபதும் ஒரே பிரவுசர் இமேஜைத் தனித்தனியாக டவுன்லோட் செய்கின்றன. ரிக்ரஷன் சூட் ஓடுகிறது. முப்பது, நாற்பது டெஸ்ட் சிவப்பாகிறது. ஒவ்வொன்றும் மூன்று முறை மறுபடி ஓடுகிறது. பாஸானது, ஃபெயிலானது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் வீடியோ பதிவாகிறது. ஐந்து மணிக்கு ரிப்போர்ட் மெயில் கிளம்புகிறது. அந்த மெயில் நேராக ஒரு ஃபோல்டருக்குள் போய் விழும்படி குழுவில் பாதிப் பேர் ரூல் போட்டு வைத்திருக்கிறார்கள். காலை ஸ்டாண்டப்பில் யாராவது கேட்டால் பதில் தயார்: “அது எப்பவும் ஃபெயில் ஆகறதுதாங்க.”

இந்த ரன்னால் பிழை எதுவும் பிடிபடவில்லை. மின்சாரம் மட்டும் செலவானது.

டெஸ்டிங்கைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக்க வேண்டும் என்றதும் சோலார் பேனல், மரம் நடுதல் என்று யோசனை போகிறது. அவை நிர்வாகத்தின் கையில் இருப்பவை. டெஸ்டரின் கையில் இருப்பது ஒரு கேள்வி: இந்த ரன்னின் ரிசல்டைப் பார்த்து யாராவது ஏதாவது செய்யப் போகிறார்களா? ‘ஆமாம்’ என்றால் ஓட்டுங்கள். ‘இல்லை’ என்றால் நிறுத்துங்கள். கீழே உள்ள யோசனைகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வந்தவையே.

கணக்கு எவ்வளவு வரும்?

உலகின் டேட்டா சென்டர்கள் 2024இல் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் செலவழித்தன என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. உலக மின் நுகர்வில் இது ஏறக்குறைய 1.5 சதவீதம். 2030இல் இது இரண்டு மடங்குக்கு மேல் போகும் என்றும் அதே முகமை சொல்கிறது.

இதில் உங்கள் குழுவின் பங்கைக் கணக்குப் போடுவது கடினமில்லை. எடுத்துக்காட்டுக்கு, பத்து ரன்னர்களில் நாற்பது நிமிடம் ஓடும் ஒரு சூட், நாளுக்கு அறுபது தடவை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 400 மெஷின் மணி நேரம். குளிரூட்டலையும் சேர்த்து ஒரு ரன்னருக்கு 30 வாட் என்று எடுத்துக்கொண்டால் நாளுக்கு 12 யூனிட், 250 வேலை நாளுக்கு 3,000 யூனிட். இந்திய கிரிட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஆக, ஆண்டுக்கு இரண்டு டன்னுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 500 யூனிட் பில் வரும் ஒரு வீட்டின் முழு ஆண்டுச் செலவு இது.

ஒரு குழுவுக்கு இது பெரிய தொகை இல்லைதான். அப்படி 200 குழுக்கள் உள்ள நிறுவனத்தில் ஆறு லட்சம் யூனிட், 420 டன். அதில் கணிசமான பங்கை ஒரு ரூபாய் முதலீடு இல்லாமல், கான்ஃபிக் ஃபைலைத் திருத்தியே மிச்சப்படுத்த முடியும்.

முதல் வேலை, அளப்பது

அளப்பதற்குப் பொது இலக்கணம் ஒன்று இருக்கிறது. 2021இல் தொடங்கப்பட்ட கிரீன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் உருவாக்கிய ‘சாஃப்ட்வேர் கார்பன் இன்டென்சிட்டி’ என்ற அளவுகோல், 2024இல் ஐஎஸ்ஓ தரமாகவே வெளிவந்துவிட்டது. செலவான மின்சாரத்தை அந்தக் கிரிட்டின் கார்பன் அளவால் பெருக்க வேண்டும். வன்பொருளைத் தயாரித்தபோது வெளியான கார்பனில் நம் பங்கைக் கூட்ட வேண்டும். வருவதை ஓர் அலகால் வகுக்க வேண்டும். அந்த அலகை நாமே தேர்ந்தெடுக்கலாம். டெஸ்டிங் குழுவுக்குப் பொருத்தமானது ‘ஒரு புல் ரிக்வெஸ்டுக்கு’ அல்லது ‘ஒரு ரிலீஸுக்கு’. கார்பன் கிரெடிட் வாங்கி இந்த எண்ணைக் குறைத்துக் காட்ட முடியாது. வேலையைச் சிக்கனமாகச் செய்தால்தான் குறையும்.

ஆரம்பத்திலேயே இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். மூன்று எண்கள் போதும்: வாரத்துக்கு எத்தனை மெஷின் மணி நேரம் ஓடியது, அதில் ரீ-ரன் எவ்வளவு, யாரும் திறந்துகூடப் பார்க்காத ரிப்போர்ட் எத்தனை. முதல் இரண்டும் பைப்லைன் ஹிஸ்டரியில் கிடைக்கும். மூன்றாவதைக் குழுவிடம் கேட்டால் கூச்சத்தோடு சொல்லிவிடுவார்கள். இன்னும் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு ‘கிளவுட் கார்பன் ஃபுட்பிரின்ட்’, கூபர்நெட்டிஸில் ‘கெப்ளர்’, சொந்த சர்வரில் ‘ஸ்காஃபாண்டர்’ என்று ஓப்பன் சோர்ஸ் கருவிகள் இருக்கின்றன. கிளவுட் நிறுவனங்களும் தங்கள் கன்சோலிலேயே கார்பன் கணக்கைத் தருகின்றன.

மாறிய இடத்தை மட்டும் சோதியுங்கள்

ரீட்மி ஃபைலில் ஒரு கமா திருத்தினாலும் முழு ரிக்ரஷன் ஓடுகிறதா? அங்கிருந்து தொடங்குங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் பாத் ஃபில்டர், கிட்லேப்பில் ‘ரூல்ஸ்-சேஞ்சஸ்’ இதற்கென்றே இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: கிட்ஹப்பில் பாத் ஃபில்டரால் தவிர்க்கப்பட்ட வொர்க்ஃப்ளோ, ‘கட்டாயச் சோதனை’ பட்டியலிலும் இருந்தால், அது ‘பெண்டிங்’ என்றே நின்று மெர்ஜைத் தடுத்துவிடும். ஃபில்டர் போடும் முன் அந்தப் பட்டியலைச் சரிபாருங்கள். இல்லாவிட்டால் டெவலப்பர்கள் முதல் நாளே உங்கள் திட்டத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

அடுத்தது, பழைய ரன்னை நிறுத்துவது. ஒரு டெவலப்பர் பத்து நிமிடத்தில் நான்கு தடவை புஷ் செய்தால், முதல் மூன்று ரன்களின் ரிசல்ட் யாருக்கும் தேவையில்லை. புது கமிட் வந்ததும் பழைய ரன் தானாக ரத்தாகும்படி அமைப்பது சில வரி வேலைதான். ஆனால் மெயின் பிராஞ்சிலும் டிப்ளாய்மென்ட்டிலும் இதைப் போடாதீர்கள். பாதியில் அறுந்த டிப்ளாய்மென்ட் வேறு தலைவலி.

பிறகு டெஸ்ட் தேர்வு. மாறிய கோடு எந்தெந்த டெஸ்டைத் தொடுகிறது என்று பார்த்து அவற்றை மட்டும் ஓட்ட ஜெஸ்ட், பேசல், என்எக்ஸ், பைடெஸ்டுக்கான டெஸ்ட்மான் போன்றவற்றில் வழி இருக்கிறது. ஃபேஸ்புக் 2018இல் மெஷின் லேர்னிங் வைத்து இதைச் செய்தது. மாற்றத்தோடு தொடர்புள்ள டெஸ்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே ஓட்டி, பழுதான மாற்றங்களில் 99.9 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிட்டதாக அதன் பொறியாளர்கள் எழுதினார்கள். உங்களுக்கு மெஷின் லேர்னிங் தேவைப்படாது. புல் ரிக்வெஸ்டில் தேர்ந்தெடுத்த டெஸ்டுகள், மெர்ஜுக்குப் பின் முழு சூட், இந்த இரண்டு அடுக்கே பெரும் வித்தியாசம் தரும்.

‘மறுபடி ஓட்டிப் பாரு’ கலாசாரம்

ஒரு தடவை ஃபெயில், கோடை மாற்றாமல் மறுபடி ஓட்டினால் பாஸ். இதுதான் ஃப்ளேக்கி டெஸ்ட். டெஸ்டர்களுக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை, மின்சாரத்துக்கும் இதைவிட ஓட்டை வேறில்லை. கூகுள் 2016இல் வெளியிட்ட விவரப்படி, அங்குள்ள டெஸ்டுகளில் சுமார் 16 சதவீதத்துக்கு ஓரளவாவது இந்தக் கோளாறு இருந்தது. பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறிய நிகழ்வுகளில் 84 சதவீதத்தில் ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டிருந்தது. இவற்றை மறுபடி ஓட்டுவதற்கே 2 முதல் 16 சதவீதம் வரை கணினித் திறன் போனது.

காரணங்கள் பெரும்பாலும் பழகியவைதான்: நிலையான ‘ஸ்லீப் 5 செகண்ட்’, பல டெஸ்டுகள் பங்குபோடும் ஒரே யூசர் அக்கவுன்ட், ஒன்றன் பின் ஒன்றாக ஓடினால் மட்டுமே பாஸாகும் டெஸ்டுகள், தேதியும் டைம் ஸோனும் மாறினால் உடையும் ஒப்பீடுகள். தீர்வுக்கு ஒரு நடைமுறை வையுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு தடவை ரீ-ரன்னில் பாஸான டெஸ்டைத் தனிப் பட்டியலுக்கு ஒதுக்குங்கள். அதற்கு ஒரு பொறுப்பாளரையும் கெடுவையும் போடுங்கள். கெடு முடிந்தும் யாரும் சரிசெய்யவில்லை என்றால், அந்த டெஸ்ட் உண்மையில் யாருக்கும் தேவையில்லை என்று அர்த்தம். அழித்துவிடுங்கள். ரீட்ரை எண்ணிக்கையை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறையுங்கள்.

மேல்தட்டில் எடை கூடாது

மைக் கோன் 2009இல் தன் நூலில் முன்வைத்த டெஸ்ட் பிரமிடு எல்லோருக்கும் தெரியும்: கீழே யூனிட் டெஸ்ட் நிறைய, நடுவில் ஏபிஐ, உச்சியில் யூஐ கொஞ்சம். பல குழுக்களில் இது தலைகீழாக நிற்கிறது. தள்ளுபடிக் கணக்கு சரியா என்று பார்க்க பிரவுசர் திறந்து, லாகின் செய்து, கார்ட்டில் பொருள் போட்டு, கடைசித் திரையில் ஒரு எண்ணைப் படிக்கிறார்கள். அதே விதியை யூனிட் டெஸ்டில் ஒரு நொடிக்குள் பார்த்துவிடலாம். யூஐயில் ஒரே பாதை போதும், மற்ற பதினைந்து வகைத் தள்ளுபடியையும் கீழே இறக்குங்கள். இதில் மின்சாரத்தைவிட உங்கள் நேரம்தான் அதிகம் மிச்சமாகும். டெவலப்பரும் இதனால்தான் ஒத்துழைப்பார்.

யாரும் இல்லாத வீட்டில் விளக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வீதம் ஐந்து நாள் வேலை என்றாலும் 60 மணி நேரம்தான். மிச்சம் 108 மணி நேரம், அதாவது 64 சதவீதம், உங்கள் க்யூஏ, ஸ்டேஜிங், யூஏடி என்விரான்மென்ட்கள் சும்மா ஓடுகின்றன. வேலையே இல்லாத சர்வரும் மின்சாரம் தின்னும்.

ஒன்று, ஷெட்யூல் போட்டு நிறுத்துங்கள். இல்லையேல் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் தற்காலிக என்விரான்மென்ட் எழுப்பி, மூடியதும் அழித்துவிடுங்கள். விர்ச்சுவல் மெஷினை நிறுத்தினாலும் அதன் டிஸ்க்குக்குப் பில் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். போன வருடம் முடிந்த ப்ராஜெக்டின் டிஸ்க்குகள் இன்னும் கிடக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். அநேகமாகக் கிடக்கும்.

இந்தப் பேச்சை மேனேஜரிடம் எடுத்தால் இப்படிப் போகும்:

“ஸ்டேஜிங்கை ராத்திரியில ஆஃப் பண்ணிடலாமாங்க?”

“கிளையன்ட் அமெரிக்காவுல இருக்காங்களே. அவங்க பாக்கறதே நம்ம ராத்திரியிலதான்.”

“போன மாசம் லாகின் ஹிஸ்டரி எடுத்துட்டேங்க. ரெண்டு ராத்திரிதான் வந்திருக்காங்க. அவங்க கைக்கே ஒரு ஸ்டார்ட் பட்டன் கொடுத்துடலாம்.”

“பில் எவ்வளவு குறையும்?”

கடைசிக் கேள்விக்கான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். கார்பன் என்று ஆரம்பித்தால் தலையாட்டுவார்கள், கிளவுட் பில் என்று ஆரம்பித்தால் மீட்டிங் போடுவார்கள். இரண்டும் ஒரே திசையில்தான் குறைகின்றன.

டேட்டாவும் வீடியோவும்

ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸை அப்படியே நகலெடுத்து ஐந்து என்விரான்மென்டில் வைப்பது இன்னொரு பழக்கம். சோதனைக்குத் தேவையான வகைகள் எல்லாம் இருக்கும் சிறு தொகுப்பு பெரும்பாலான டெஸ்டுகளுக்குப் போதும். நிஜ வாடிக்கையாளர்களின் விவரம் க்யூஏ சர்வரில் கிடப்பது, 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு சட்டச் சிக்கலும்கூட. ஆகவே சட்டப் பிரிவும் உங்கள் பக்கம் நிற்கும்.

வீடியோவை ஃபெயிலான டெஸ்டுக்கு மட்டும் வையுங்கள். சைப்ரஸ் 2023இல் தன் 13ஆம் பதிப்பிலிருந்து வீடியோவை இயல்பாகவே அணைத்துவிட்டது. பிளேரைட்டில் முதல் ரீட்ரையின்போது மட்டும் ட்ரேஸ் எடுக்கச் சொல்லலாம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஆர்ட்டிஃபேக்ட்களை இயல்பாக 90 நாள் வைத்திருக்கும். மூன்று மாதத்துக்கு முந்தைய ஸ்க்ரீன்ஷாட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? ஏழு நாள் போதும், ரிலீஸ் ரன்னுக்கு மட்டும் கூடுதலாக வையுங்கள். டிபென்டன்சியை ஒவ்வொரு தடவையும் இணையத்திலிருந்து இறக்காமல் கேஷ் செய்யுங்கள்.

நைட்லி எதற்கு நைட்டில்?

சர்வர் காலியாக இருக்கும் என்று பெரிய ரன்களை இரவில் ஓட்டிப் பழகிவிட்டோம். இந்தியாவில் கார்பன் கணக்குப்படி இது தப்பான நேரமாக இருக்கலாம். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. பகலில், குறிப்பாக உச்சி வெயிலில், சூரிய மின்சாரம் கிரிட்டுக்குள் பாய்வதால் ஒரு யூனிட்டின் கார்பன் குறைகிறது. பொழுது சாய்ந்ததும் நிலக்கரியின் பங்கு மறுபடி ஏறுகிறது. தமிழ்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரையான காற்றாலைப் பருவம் இதற்கு ஓரளவு விதிவிலக்கு.

அதனால் அவசரமில்லாத ரன்களை, அதாவது பழைய பிரவுசர் சோதனை, நீண்ட சோக் டெஸ்ட், வாராந்தர செக்யூரிட்டி ஸ்கேன் போன்றவற்றை, சனிக்கிழமை பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் மாற்றிப் பாருங்கள். அன்று ரன்னர்களும் காலியாக இருக்கும். கிட்ஹப்பின் ஷெட்யூல் இயல்பாக யூடிசி நேரத்தில் ஓடும். ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க மறந்தால் பகல் ரன் மாலையில் கிளம்பும். எந்த நேரத்தில் எந்தப் பகுதியின் மின்சாரம் சுத்தம் என்பதை எலெக்ட்ரிசிட்டி மேப்ஸ் தளத்தில் பார்க்கலாம். கூகுள் 2020இலேயே தன் அவசரமில்லாத வேலைகளை இப்படி நேரம் மாற்றி ஓட்டத் தொடங்கியதாக அறிவித்தது.

லோட் டெஸ்ட், ஏஐ, போன் அலமாரி

லோட் டெஸ்டில் பத்தாயிரம் யூசரோடு ஆரம்பிக்காதீர்கள். சின்ன சுமையில் ஸ்கிரிப்ட் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழை விகிதம் எல்லை தாண்டினால் தானாக நிற்கும்படி வையுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் லாகின் உடைந்துவிட்ட பிறகும் இரண்டு மணி நேரம் ஓடும் லோட் டெஸ்ட், எரர் பக்கத்தின் வேகத்தை மட்டும்தான் அளக்கும்.

ஏஐ சேர்ந்த தயாரிப்புகளைச் சோதிப்பவர்கள், ஒவ்வொரு கமிட்டுக்கும் பெரிய மாடலை அழைக்க வேண்டியதில்லை. திரை, ஏபிஐ, பிழைக் கையாளுதல் இவற்றுக்குப் பதிவு செய்த பதில்கள் போதும். மாடலோ பிராம்ப்ட்டோ மாறும்போது மட்டும் நிஜ அழைப்போடு முழு மதிப்பீட்டை ஓட்டுங்கள். அதேபோல ஏஐ எழுதித் தந்த நூறு டெஸ்ட் கேஸை அப்படியே சூட்டில் கொட்டினால், அதில் பாதி ஒரே விஷயத்தைச் சோதிக்கும். களை எடுத்த பிறகே உள்ளே விடுங்கள்.

மொபைல் டெஸ்டிங்கில் மின்சாரத்தைவிடக் கருவிதான் கணக்கு. ஒரு ஸ்மார்ட்போனின் வாழ்நாள் கார்பனில் பெரும்பகுதி அது தயாராகும்போதே வெளியாகிவிடுகிறது. ஒவ்வொரு குழுவும் தனித்தனியாகப் போன் வாங்குவதற்குப் பதில் பொது அலமாரி வையுங்கள். அன்றாடத்துக்கு எமுலேட்டர், ரிலீஸுக்கு நிஜக் கருவி என்று பிரியுங்கள். பழைய போன்களை ஒதுக்காதீர்கள். உங்கள் பயனாளிகளில் பலர் கையில் அதுதான் இருக்கிறது. அதில் ஆப் நன்றாக ஓடினால் அவர்களும் புதுப் போன் வாங்கத் தேவை வராது. தயாரிப்பின் பேட்டரிச் செலவு, டேட்டா அளவு ஆகியவற்றையும் டெஸ்ட் ப்ளானில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

எதைத் தொடக் கூடாது?

இந்த உற்சாகத்தில் டெஸ்டையே வெட்டிவிடக் கூடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. ஃபைலைச் சரிபார்க்க வேண்டிய கருவியிலேயே இருந்த பிழையால் அது தப்பி வெளியே போயிருந்தது. பல கணினிகளை ஒவ்வொன்றாக ஆள் போய்ச் சரிசெய்ய வேண்டி வந்தது. தப்பிப்போன ஒரு பிழையின் செலவு, ஆண்டு முழுக்க நீங்கள் மிச்சம் பிடித்ததை ஒரே நாளில் விழுங்கிவிடும். பணப் பரிமாற்றம், பாதுகாப்பு, உயிர் சம்பந்தப்பட்ட சோதனைகள், ரிலீஸுக்கு முந்தைய முழு ரிக்ரஷன் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். குறைத்ததற்குப் பின் தப்பிய பிழைகளின் எண்ணிக்கையையும் அருகிலேயே எழுதிவையுங்கள். அது ஏறினால் ஒரு படி பின்வாங்குங்கள்.

நான்கு வாரத்தில் என்ன செய்யலாம்?

முதல் வாரம்: மூன்று எண்களை எடுங்கள். எதையும் மாற்ற வேண்டாம்.

இரண்டாம் வாரம்: பழைய ரன் ரத்து, பாத் ஃபில்டர், கேஷ், வீடியோ, ஆர்ட்டிஃபேக்ட் நாள்கள். எல்லாமே கான்ஃபிக் வேலை.

மூன்றாம் வாரம்: ஃப்ளேக்கி பட்டியல் போடுங்கள், முதல் பத்துக்குப் பொறுப்பாளர் நியமியுங்கள். ஒரே ஒரு என்விரான்மென்டுக்கு இரவு ஷெட்யூல் போடுங்கள்.

நான்காம் வாரம்: மறுபடி அளந்து, முன்-பின் எண்களை ஒரே பக்கத்தில் காட்டுங்கள். மெஷின் நேரம், பில், கார்பன், டெவலப்பர் காத்திருந்த நேரம், தப்பிய பிழைகள் என ஐந்து வரி போதும்.

இது உங்கள் வேலைக்கு என்ன தரும்?

செபி விதிப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து சுற்றுச்சூழல் விவரங்களைக் கட்டாயம் அறிக்கையாகத் தருகின்றன. பெரிய ஐடி நிறுவனங்கள் எல்லாம் அதில் அடக்கம். மேலே அறிக்கை எழுதுபவர்களுக்குக் கீழேயிருந்து நம்பகமான எண் தேவைப்படுகிறது. அதைத் தரக்கூடிய டெஸ்டர்கள் இன்னும் குறைவு. கிரீன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன், லினக்ஸ் ஃபவுண்டேஷனோடு சேர்ந்து ஆரம்ப நிலைப் பயிற்சியை இலவசமாகத் தருகிறது. ஓரிரு மாலை ஒதுக்கினால் முடித்துவிடலாம்.

அப்ரைசல் ஃபார்மிலோ ரெஸ்யூமிலோ ‘சுற்றுச்சூழல் ஆர்வலர்’ என்று எழுதாதீர்கள். ‘ரிக்ரஷன் ரன்னின் மெஷின் நேரத்தை இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் குறைத்தேன், தப்பிய பிழைகள் கூடவில்லை’ என்று இரண்டு எண்ணோடு எழுதுங்கள். இன்டர்வியூவில் அடுத்த கேள்வி ‘எப்படி?’ என்று வரும். அதற்குச் சொல்ல உங்களிடம் ஒரு மாதத்து வேலை இருக்கும்.